சும்மா கிடக்கிற நிலம்

ஒரு நிலத்தைக் காட்டி ஒருத்தர், “இது சும்மாதாம்மா கெடக்கு” என்று சொன்னால், குடையை மடக்கிட்டு அங்கேயே நில்லுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு, கார் காத்துக்கிட்டிருக்கு என்று திரும்பிடாதீங்க. பத்திரத்தில் இருக்கிற வில்லங்கத்தைப் படிச்சுத் தெரிஞ்சுக்கிடலாம். அந்த ஒரு சொல்லுக்குள்ள இருக்கிற வில்லங்கத்தை நின்னு பார்த்தால்தான் தெரியும்.

ஆபீஸுக்குப் புதுசா வந்திருக்கிற பிள்ளைகளுக்காக எழுதிக் கொடுங்க என்று கேட்டாங்க. நான் மூணாம் வகுப்பு. மெதுவாத்தான் எழுத வரும். நீங்களும் மெதுவாவே படிங்க, ஒண்ணும் குடி முழுகிடாது.

நம்ம வக்கீலம்மாவுக்குப் பெட்ரோல் கம்பெனி, கேஸ் கம்பெனி, குழாய் பதிக்கிற கம்பெனி எல்லாம் கட்சிக்காரங்க. நேத்துச் சேர்ந்த பிள்ளை ஒண்ணு, “கேஸ் கம்பெனி கேஸுன்னா எந்தக் கேஸு?” என்று கேட்டுச்சு. ரெண்டும் பத்திக்கிரும், தள்ளி நின்னே பாருன்னு சொன்னேன். அந்தக் கம்பெனிகள் ஒரு இடத்தை வாங்குறதுக்கு முன்னாடி, இதை நம்பி வாங்கலாம் என்று வக்கீலம்மா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். அதுக்குப் பேர் ஒப்பீனியன். பத்திரம், பட்டா எல்லாம் அவங்க பார்ப்பாங்க. இடத்தையும் அக்கம்பக்கத்தையும் போய்ப் பார்த்துட்டு வர்றது என் வேலையா இருந்துச்சு. என் கால் படாத இடத்துக்கு அவங்க கையெழுத்து விழுந்ததில்ல. இதைப் பெருமைக்குத்தான் சொல்றேன்.

அதுக்கு முன்னாடி நான் பட்டாசு ஆலையில் திரி வேலை பார்த்தவ. எங்க வீட்டுக்குப் பின்னால போற சந்துப் பாதையை அடுத்த வீட்டுக்காரன் மடக்கிக் கட்டிட்டான்னு இந்த ஆபீஸ் படியேறினேன். கோர்ட்டில் அவன் பொய் சொல்லும்போதெல்லாம் நான் பின்னாலிருந்து வக்கீலம்மா முதுகைச் சுரண்டிக்கிட்டே இருந்தேன். வழக்கு ஜெயிச்ச அன்னிக்கு அவங்க சொன்னாங்க, “மாரியக்கா, நீங்க யாரையும் நம்ப மாட்டீக போல. எனக்கு அப்படி ஒரு ஆள் வேணும். வாரீகளா?”

வந்துட்டேன். யாரையும் நம்பாமலே காலம் ஓடிப்போச்சு.

சும்மா கிடக்குதுங்கிற சொல்லை எனக்குக் காட்டிக் கொடுத்தது வக்கீலம்மாதான். சாத்தூரிலிருந்து இருக்கன்குடி போற வழியில் ஒரு பெட்ரோல் கம்பெனி இடம் பார்த்துச்சு. நானும் போனேன். முள்ளுச்செடி கூட இல்லாத வெறுந்தரை. திரும்பி வந்து, “சும்மாதான் கெடக்கு வக்கீலம்மா” என்றேன். பேனாவை மூடி வச்சுட்டாங்க.

“முள்ளு ஏன் முளைக்கல?”

“வெயில்ல கருகியிருக்கும்” என்றேன்.

“நம்ம ஊர்ல கவனிக்காம விட்ட தரையில முள்ளு முளைக்காம இருக்குமா? யாரோ வெட்டுறாக. யாரு, எதுக்குன்னு கேட்டுட்டு வாங்க.”

மறுபடி போனேன். ஊர்க்காரங்கதான் வெட்டுறாங்க. ஆடி மாசம் மாரியம்மனுக்கு நடந்து போற சனங்களுக்கு அங்கேதான் பந்தல் போட்டுக் கஞ்சி ஊத்துறாங்க. தாத்தன் காலத்துப் பழக்கம். மிச்ச மாசமெல்லாம் நிலம் சும்மா, ஆடியில் மட்டும் அம்மனுக்குச் சொந்தம். பத்திரத்தில் இது எங்கே இருக்கும்? வக்கீலம்மா ஒப்பீனியனில் எழுதினாங்க. கம்பெனியும் ரோட்டை ஒட்டி ஒரு ஓரத்தை விட்டுத்தான் வாங்குச்சு. இப்பவும் ஆடியில் பெட்ரோல் பங்க்குக்குப் பக்கத்தில் கஞ்சிப் பந்தல் நிக்கும், போகும்போது பாருங்க.

அதிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் காது குத்தும்.

இனிமேல் சொல்லப்போறதுதான் நான் சொல்ல வந்தது.

எம். புதுப்பட்டி தாண்டி ரோட்டோரத்தில் ஒரு புஞ்சை. கேஸ் கம்பெனி ஒண்ணு அதில் வண்டிகளுக்குக் கேஸ் ரொப்புற பங்க் வைக்கணும் என்று கேட்டுச்சு. நம்ம பக்கம் பங்க் வைக்கிறது மத்த ஊர் மாதிரி இல்ல. சுத்திலும் பட்டாசு ஆலை. எந்த ஆலை எம்புட்டுத் தூரத்தில் இருக்குன்னு அளந்து பார்த்துத்தான் அனுமதி. அளந்துட்டாங்க. கிட்டத்தில் ஆலையும் இல்ல, பட்டாசு அடுக்கி வைக்கிற கிட்டங்கியும் இல்ல. பத்திரம் பளிங்கு மாதிரி இருந்துச்சு. நிலத்துக்காரி பேர் சகாயமேரி. பெரியாஸ்பத்திரியில் நர்ஸா இருந்து ஓய்வு வாங்கி, விருதுநகரில் தனியா இருந்தாங்க. எல்லாருக்கும் நர்ஸம்மா. நிலத்தைப் பார்த்துக்கிட ஆடு மேய்க்கிற கருப்பசாமி என்று ஒரு ஆளை விட்டிருந்தாங்க.

நான் போனப்போ தீபாவளி சீசன். கருப்பசாமி ரோட்டுப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்தான். அம்பது வயசு இருக்கும், முகத்தில் சிரிப்பு வத்தாத ஆள்.

“வாங்கக்கா. ஒத்தையிலயா வந்தீக? சாப்பிட்டீகளா?”

“சாப்பிடுறது இருக்கட்டும். நிலத்தைக் காட்டுப்பா.”

“இதுல காட்டுறதுக்கு என்னக்கா இருக்கு, சும்மா கெடக்கு.”

நான் குடையை மடக்கினேன்.

நிலத்தில் ஒரு பாழுங்கிணறு, பக்கத்தில் ஒரு மோட்டார் ரூம். கதவில் பூட்டு. “சாவி?” என்றேன். “நர்ஸம்மாகிட்ட இருக்கும். மோட்டாரே இல்ல, அப்புறம் எதுக்குச் சாவி?” என்றான். கிணத்துப் பக்கம் போகப் போனேன். “அங்கன பாம்பு கெடக்கும், இப்படி வாங்க” என்று என்னை வேற பக்கமா சுத்திக் கூட்டிப் போனான். அவன் நகக்கண்ணில் பட்டாசுக்குப் போடுற வெள்ளிப் பவுடர் மின்னுச்சு. ஆனா எங்க ஊரில் அது சாட்சியாகாது. பாதிப் பேர் நகம் அப்படித்தான் இருக்கும்.

நிழலுக்காக மோட்டார் ரூமை ஒட்டி நின்னு பேசிக்கிட்டிருந்தோம். பேச்சோட பேச்சா அவன் மடியிலிருந்து ஒரு பீடியை எடுத்து உதட்டில் வச்சான். கை தீப்பெட்டியைத் தேடி இடுப்புக்குப் போச்சு. போன கை அங்கேயே நின்னுச்சு. கண்ணு ஒரு தரம் கதவுப் பக்கம் போயிட்டு வந்துச்சு. பீடியை எடுத்துக் காதில் சொருகிக்கிட்டான்.

“ஏன்ப்பா, குடிக்கலயா?”

“சும்மாதான்க்கா. ரெண்டு நாளா இருமலு.”

ரெண்டாவது சும்மா.

பஸ்ஸுக்குன்னு சொல்லி ரோட்டுக்கு வந்தேன். அவனும் கூடவே வந்தான். பாலத்துக் கட்டையில் உட்கார்ந்ததும் காதில் இருந்ததை எடுத்துப் பத்த வச்சான். ஒரு இழுப்பு, ரெண்டு இழுப்பு. பீடி தீர்ற வரைக்கும் ஒரு இருமல்கூட வரல.

நேரே விருதுநகர் திரும்பி நர்ஸம்மா வீட்டுக்குப் போனேன். சுத்தமான வீடு, மாதா படத்துக்கு முன்னாடி விளக்கு. காபி கொடுத்தாங்க. நல்லாத்தான் பேசினாங்க, மோட்டார் ரூமைப் பத்திக் கேட்கிற வரைக்கும்.

“அது சும்மா பூட்டிக் கெடக்கு” என்றாங்க. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கல.

“சாவி இருக்கா?”

“எங்கயோ கெடக்கும். தேடணும்.” எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாங்க. மழையும் இல்ல, வெயிலும் இல்ல, எதுக்கு ஜன்னலைச் சாத்தணும்? “சீக்கிரம் முடிச்சுக் கொடுத்துருங்க. அந்த நிலம் எனக்கு வேண்டாம்.”

நான் எழுந்தப்போ வாசல் வரைக்கும் வந்து, குரலை இறக்கி, “எழுதிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தரம் அங்கன போகணும். நீங்க போகும்போது என்னையும் கூட்டிட்டுப் போவீகளா?” என்று கேட்டாங்க.

நான் என்ன நினைச்சிருப்பேன் என்று நினைக்கிறீங்க? நிலமே வேண்டாங்கிறவளுக்கு அங்கே என்ன சோலி? எதையோ எடுக்கணும், இல்ல எதையோ மறைக்கணும். ரெண்டு பேரும் கூட்டு என்று முடிவு கட்டிட்டேன்.

ஆபீஸில் கேஸ் கம்பெனி ஆபீசர் உட்கார்ந்திருந்தார். கோயம்புத்தூர்க்காரர். சின்ன வயசு, இஸ்திரி கலையாத சட்டை. நாளைக்கு மேலிடத்தில் மீட்டிங், ஒப்பீனியன் இன்னிக்கே வேணும் என்று வக்கீலம்மாவை நெருக்கிக்கிட்டிருந்தார். நான் பார்த்ததைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், வக்கீலம்மாவைப் பார்த்தார், சிரிச்சுட்டார்.

“மேடம், ஒருத்தர் பீடி பத்த வைக்கலங்கிறதுக்காக நீங்க ஒப்பீனியனை நிறுத்தப் போறீங்களா? அவருக்கு நாங்க அவார்டு கொடுக்கலாங்க.”

“பீடியை நிறுத்தினவரா இருந்தா நானே மாலை போடுவேன் சார்” என்றாங்க வக்கீலம்மா. “இவர் ரோட்டுக்கு வந்து குடிச்சிருக்காரு.”

“இதைப் பைல்ல எப்படி எழுதுறது? பேப்பர் எல்லாம் சுத்தம்னு நீங்கதான் சொன்னீங்க. உங்களால முடியலன்னா சொல்லிடுங்க. மதுரையில வேற வக்கீல் பார்த்துக்கறோம்.”

இந்த இடத்தைக் கவனிங்க. கம்பெனி கை விட்டுப் போயிரும் என்று ஒருத்தர் எதிரில் உட்கார்ந்து சொல்றாரு. என் கையில் இருக்கிறது ஒரு பீடி. நானாக இருந்தால், ‘அங்கே பட்டாசு மருந்து பதுக்கியிருக்காங்க’ என்று அடிச்சுச் சொல்லியிருப்பேன். வக்கீலம்மா அப்படிச் சொல்லல. கையெழுத்தும் போடல.

“நீங்க சொல்றது சரிதான் சார். சந்தேகத்தை நான் எழுத முடியாது, பார்த்ததைத்தான் எழுத முடியும். அதனால பார்த்துடுறேன். காலைல நானே வாரேன், நீங்களும் வாங்க. நிலத்துக்காரங்களையும் கூட்டிட்டு வாரோம், பூட்டைத் திறக்கட்டும். ஒண்ணும் இல்லன்னா அங்கன வச்சே கையெழுத்துப் போட்டுத் தாரேன்.”

அவர் போனதும் நான் சொன்னேன், “அந்த நர்ஸம்மாவையும் நம்பாதீக.”

“நீங்க என்னையே நம்ப மாட்டீகளே அக்கா” என்று சிரிச்சாங்க. பிறகு சிரிப்பை விட்டுட்டு, “ஆனா அவுக முகத்துக்கு நேரா எதையும் சொல்லிராதீக. தெரியாதவுகளா இருந்தா பாவம், தெரிஞ்சவுகளா இருந்தா உசாராயிருவாக” என்றாங்க.

காலையில் வக்கீலம்மா காரில் நாங்க மூணு பேர். நர்ஸம்மா வெள்ளைச் சேலை கட்டி, மடியில் ஒரு துணிப் பையை ரெண்டு கையாலும் பிடிச்சிருந்தாங்க. சிவகாசி தாண்டுற வரைக்கும் அந்தப் பிடி தளரல. “பையை இங்கன வச்சுக்கிடுங்களேன்” என்று இடம் விட்டேன். “இல்ல, இருக்கட்டும்” என்றாங்க. நான் ரோட்டைப் பார்க்கவே இல்ல, பையைத்தான் பார்த்துக்கிட்டு வந்தேன்.

ஆபீசர் முன்னாடியே வந்து நின்னார். கருப்பசாமி பாலத்துக் கட்டையிலிருந்து எழுந்தான். நர்ஸம்மாவைக் கண்டதும் அவன் முகத்தில் சிரிப்பு போச்சு. வத்தாத சிரிப்பு வத்தினதை அன்னிக்குத்தான் பார்த்தேன்.

வக்கீலம்மா காரை விட்டு இறங்கினதும் சொன்ன முதல் வார்த்தை, “யாரும் மோட்டார் ரூம் பக்கம் போக வேண்டாம். சாவி வரட்டும்.” பிறகு கருப்பசாமியிடம் திரும்பி, “சாவி நர்ஸம்மாகிட்ட இல்லியாம். உங்ககிட்ட இருக்கா?” என்று கேட்டாங்க. அவன் வேட்டியைத் தட்டினான், ஆட்டைப் பார்த்தான், வீட்டில் இருக்கும் என்றான். போய் எடுத்துட்டு வா என்றால், வீட்டில் ஆள் இல்ல என்றான். ஆபீசர் வாட்சைப் பார்த்துக்கிட்டு, “பூட்டை உடைச்சிடலாங்க மேடம், ஒரு கல்லு போதும்” என்று ஆரம்பிச்சார். “கல்லும் வேண்டாம், இரும்பும் வேண்டாம்” என்று வக்கீலம்மா அவரிடம் வாதாடிக்கிட்டிருந்தாங்க.

இந்தப் பேச்சில் நர்ஸம்மாவை யாரும் கவனிக்கல. நான் கவனிச்சேன். பையோட அவங்க தனியா கிணத்துப் பக்கம் நடக்க ஆரம்பிச்சிருந்தாங்க. கூப்பிடல. கையும் களவுமா பிடிக்கணும் என்று சத்தமில்லாமப் பின்னாலேயே போனேன்.

மோட்டார் ரூமுக்குப் பின்பக்கச் சுவரை ஒட்டி, செடி மூடி, ஒரு சின்னக் கல் சிலுவை. முதல் நாள் நான் பார்க்காதது. பாம்பு கிடக்கும் என்று அவன் திருப்பிவிட்ட இடம் அதுதான். நர்ஸம்மா செடியை விலக்கி, முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு மெல்ல மண்டி போட்டாங்க. பையைத் திறந்தாங்க. உள்ளேயிருந்து ஒரு மெழுகுவர்த்தி வந்துச்சு. அடுத்தது தீப்பெட்டி.

தீக்குச்சி உரசுற சத்தமும், ரோட்டிலிருந்து ஒரு அலறலும் ஒண்ணாக் கேட்டுச்சு.

“நர்ஸம்மா! பத்த வைக்காதீக! அய்யோ, பத்த வைக்காதீக!”

கருப்பசாமிதான். வேட்டி அவிழ்றதும் தெரியாம ஓடி வர்றான். அதுக்குள்ள நான் விழுந்து அந்தக் குச்சியை உள்ளங்கையில் பொத்திட்டேன். என் வலது கையில் காசு அளவு வழுவழுன்னு ஒரு தழும்பைப் பார்த்திருப்பீங்க. கேட்டவங்களுக்கெல்லாம் அடுப்பில் சுட்டது என்று சொல்லியிருக்கேன். அடுப்பு இல்ல, இதுதான்.

நர்ஸம்மா என்னைப் பார்த்தாங்க, ஓடி வந்து நின்னவனைப் பார்த்தாங்க. “என்ன ஆச்சு உங்களுக்கெல்லாம்? மெழுகுவர்த்திதானே? எங்க வீட்டுக்காரர் இந்தக் கிணத்துல தவறி விழுந்துதான் போனாரு. இந்தச் சிலுவையை நட்டதோட சரி, அதுக்கப்புறம் நான் இந்தப் பக்கமே வந்ததில்ல. வித்துட்டா வந்து நிக்கக்கூட முடியாதேன்னு…”

ஜன்னலை ஏன் சாத்தினாங்க, முகத்தை ஏன் திருப்பினாங்க என்று அப்போதான் எனக்கு விளங்குச்சு. என் சந்தேகம் சரிதான். நர்ஸம்மாவையும் அதில் சேர்த்ததுதான் தப்பு.

“கருப்பசாமி, எதுக்குப் பத்த வைக்கக் கூடாது? நீயே சொல்லு” என்றேன். கையை மூடியே வச்சிருந்தேன், எரிச்சலில் உயிர் போச்சு.

அவன் மண்ணில் உட்கார்ந்துட்டான். “மாப்பிள்ளையும் அவன் சேக்காளிகளும்தாம்மா. பட்டாசுக்கு வைக்கிற கருந்திரிக் கட்டு, மருந்து மூட்டை. லைசென்ஸ் இல்லாம வீட்டுல வச்சு வேலை பார்த்தானுக, ரெய்டு வருதுன்னு இங்கன கொண்டாந்து அடைச்சானுக. சீசன் முடிஞ்சா எடுத்துருவோம், சும்மா கெடக்கிற ரூமுதானே மாமான்னான். மக வாழணும்னு வாயை மூடிட்டேன்.”

“உள்ள எம்புட்டு இருக்கு?” வக்கீலம்மா கேட்டாங்க.

“தெரியாதும்மா. நான் கதவைத் தொட்டதில்ல.”

எல்லாரையும் ரோட்டுக்கு நடத்தி வந்ததும் ஆபீசர் வக்கீலம்மாவை ரெண்டடி தள்ளி அழைச்சார்; பேசினது எங்களுக்கும் கேட்டுச்சு. காலையில் இருந்த மிடுக்கு இல்ல, முகம் வெளுத்திருந்துச்சு. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்துட்டார்.

“மேடம், போலீஸ்னு போனா இந்த இடமே போச்சு. அந்தம்மாவும் கோர்ட்டு, கேஸுன்னு அலையணும். சும்மா ஆளு வச்சு ராத்திரியோட ராத்திரியா அப்புறப்படுத்திடச் சொல்லலாங்க. நாளைக்கு ரூம் காலி. யாருக்கும் நஷ்டமில்ல.”

வக்கீலம்மா என் பக்கம் திரும்பினாங்க. “மாரியக்கா, நீங்க திரி வேலை பார்த்தவுக. எத்தனை நாளா, எப்படி அடைச்சு வச்சதுன்னு தெரியாத மருந்தை இருட்டுல தூக்குனா?”

“தூக்குறவன் வீட்டுக்குத் திரும்புறது அவன் கையில இல்ல.”

கருப்பசாமி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். தூக்க வர்றது யாரு என்று அவனுக்குத் தெரியும்தானே. மாப்பிள்ளைதான் வரணும்.

“சார், நான் உங்க கம்பெனி வக்கீல்” என்றாங்க வக்கீலம்மா. “அதனால உங்களுக்கு முதல்ல சொல்றேன். இந்த நிலத்துக்கு இப்போ என் கையெழுத்துக் கிடையாது. மதுரையில யாரும் போடுவாகன்னா, நான் இன்னிக்குப் பார்த்ததை அவுகளுக்கும் சொல்லுவேன்.” பிறகு நர்ஸம்மா பக்கம் திரும்பினாங்க. “அம்மா, நான் உங்க வக்கீல் இல்ல. உங்களுக்கு நீங்க வேற ஆள் பார்த்துக்கிடணும். ஆனா இதை மனுசியாச் சொல்றேன். நிலம் உங்க பேர்ல இருக்கு. வேற யாராவது போய்ச் சொன்னா, முதல் கேள்வி உங்களைத்தான் கேப்பாக. இப்பவே நீங்களே போய்ச் சொன்னா, கண்டுபிடிச்சுக் கொடுத்தவுக நீங்க. நானும் கூட வாரேன்.”

கருப்பசாமி அப்படியே நர்ஸம்மா காலில் விழுந்தான். “வேண்டாம்மா. புள்ள தாலிக்குக் கேக்கேன். ஒரே ஒரு ராத்திரி கொடுங்க.”

நர்ஸம்மா காலை விலக்கிக்கிட்டாங்க. கிணத்துப் பக்கமே பார்த்துக்கிட்டு நின்னாங்க. பிறகு சொன்னாங்க, “தீப்பிடிச்ச உடம்புக்கு நான் மருந்து கட்டியிருக்கேன் கருப்பசாமி. எத்தனை பேருக்குன்னு எனக்கே தெரியாது. தோலைத் தொட்டா கையோட வரும். உன் மக தாலிக்கு நீ ராத்திரி கேக்கே. அதே தாலிக்குத்தான் நான் தர மாட்டேங்கேன். எந்திரி.”

வக்கீலம்மா அங்கேயே நின்னு தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டாங்க. பக்கத்துக் காட்டில் வேலை பார்த்தவங்களை வெளியேத்தச் சொன்னாங்க. பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம்.

இன்ஸ்பெக்டர் என்னைவிடச் சந்தேகக்காரர். அதில் எனக்கு ஒரு சந்தோஷம்தான். நர்ஸம்மாவைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டார். “உங்க நிலம், உங்க ரூமு, உங்க ஆளு. உங்களுக்கு மட்டும் தெரியாதாக்கும்? விக்கிற நேரம் பார்த்து ஞானம் வந்துச்சாக்கும்?”

“எனக்குத் தெரியாது சார்” என்பதையே நர்ஸம்மா சொல்லிக்கிட்டிருந்தாங்க. தெரியாது என்பதை எப்படி நிரூபிக்கிறது? நீங்க சட்டம் படிச்சவங்க, யோசிச்சுப் பாருங்க. ஒண்ணு தெரியும் என்றால் காட்டலாம். தெரியாது என்பதை எதை வச்சுக் காட்டுவீங்க?

வக்கீலம்மா என் கையைப் பிடிச்சு இன்ஸ்பெக்டர் மேசை மேல விரிச்சாங்க. கொப்புளம் கண்ணாடி மாதிரி நின்னுச்சு.

“சார், கருப்பசாமிக்கு உள்ள இருக்கிறது தெரியும். அதனால அவர் அங்கன பீடி கூடப் பத்த வைக்கல. இந்தம்மா அதே சுவரை ஒட்டி உக்காந்து தீக்குச்சி உரசியிருக்காக. தெரிஞ்சவுக உரசுவாகளா?”

இன்ஸ்பெக்டர் என் கையையே பார்த்துக்கிட்டிருந்தார். பிறகு, “தண்ணி ஊத்துனீகளா அம்மா இதுல?” என்று கேட்டார். அவ்வளவுதான். அதுக்கப்புறம் நர்ஸம்மாவைக் குத்திக் கேட்கல.

புகார் எழுதி முடிச்சு வாசிச்சுக் காட்டினாங்க. கையெழுத்துப் போடப் போன நர்ஸம்மா பேனாவை வச்சுட்டாங்க. “ஒண்ணு விட்டுப்போச்சு. பத்த வைக்காதீகன்னு கத்துனது கருப்பசாமிதான். அவன் வாயைத் திறந்ததாலதான் அவன் மாட்டுனான். அதையும் எழுதுங்க.”

“அது உங்க புகாருக்கு எதுக்கும்மா?” என்றார் எழுத்தர்.

“நடந்ததுதானே? எழுதுங்க.”

எழுதின பிறகுதான் கையெழுத்துப் போட்டாங்க.

தீயணைப்புக்காரங்களும் ஒரு வெடிமருந்து அதிகாரியும் வந்து ரூமைத் திறந்தாங்க. உள்ளே என்ன இருந்துச்சு, எப்படி அழிச்சாங்க என்பதெல்லாம் உங்களுக்கு வேண்டாம். ஒண்ணு மட்டும் சொல்றேன். நாங்க அன்னிக்குக் காலையில் நின்னு பேசின தூரம் போதாதாம். அந்த அதிகாரி ரோட்டைத் தாண்டிக் கை காட்டினார்.

கேஸ் கம்பெனி நம்ம ஆபீஸை விட்டுப் போயிருச்சு. அந்த இடத்தையும் விட்டுட்டாங்க. வக்கீலம்மாவுக்கு அதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். கொஞ்ச நாள் என்னிடமே சரியாப் பேசல. பிறகு ஒரு நாள் வேற ஒரு பத்திரக் கட்டைத் தூக்கி என் முன்னாடி வச்சு, “சும்மா கெடக்காம். போய்ப் பார்த்துட்டு வாங்க” என்றாங்க. அதுதான் எங்களுக்குள்ள சமாதானம்.

பிள்ளைகளா, சந்தேகப்படுங்க. நம்ம தொழிலுக்கு அது வேணும். பத்திரம் எம்புட்டுச் சுத்தமோ அம்புட்டுச் சந்தேகப்படுங்க. ஆனா சந்தேகத்தை மடியில் கட்டிக்கிட்டு ஒருத்தர் பின்னால பூனை மாதிரிப் போகாதீங்க. “பையில என்ன நர்ஸம்மா?” என்று காரிலேயே ஒரு வார்த்தை கேட்டிருந்தால், “மெழுகுவர்த்தி” என்று சொல்லியிருப்பாங்க. கேட்கிறது மரியாதைக் குறைச்சல் இல்ல. கேட்காம முடிவு கட்டுறதுதான் மரியாதைக் குறைச்சல்.

நர்ஸம்மா அந்த நிலத்தை அப்புறம் யாருக்கும் விக்கல. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளைக்குச் சிலுவைக்கு மெழுகுவர்த்தி ஏத்தப் போவாங்க, என்னையும் கூப்பிடுவாங்க. கருப்பசாமி கொஞ்ச நாள் ஜெயிலில் இருந்துட்டு ஜாமீனில் வந்தான். வழக்கு இன்னும் நடக்கு. அவன் மாப்பிள்ளை இப்போ திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கான், முழு உடம்போட. கருப்பசாமி அதே நிலத்தில்தான் ஆடு மேய்க்கிறான். “அவனை எப்படி மறுபடி விட்டீக?” என்று நான் கேட்டதுக்கு நர்ஸம்மா, “எனக்காகக் கத்துறதுக்கு வேற யாரு இருக்கா?” என்றாங்க.

போன தடவையும் போனோம். நர்ஸம்மா மண்டி போட்டு மெழுகுவர்த்தியை நட்டுட்டு, தீப்பெட்டியை என் கையில் கொடுத்தாங்க. ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான், நான் பார்த்துச் சொல்ற வரைக்கும் உரச மாட்டாங்க. மோட்டார் ரூமுக்கு இப்போ கதவே கிடையாது, கழட்டியாச்சு. இருந்தாலும் நான் உள்ளே போய் நாலு மூலையும் பார்ப்பேன், மண்ணைக் காலால் கிளறுவேன். நர்ஸம்மா எழுந்து என் பின்னாலேயே வந்து வாசலில் நின்னாங்க; கருப்பசாமியும் ஆட்டை விட்டுட்டு வந்து நின்னான்.

“பார்த்தாச்சாக்கா?”

“பார்த்தேன்.”

“நம்புறீகளா?”

“இல்ல.”

அவன் சிரிச்சான். காதில் இருந்த பீடியை எடுத்தான். என் கையிலிருந்த தீப்பெட்டியை வாங்கி, அந்த ரூமுக்குள்ளேயே வந்து, நடு மத்தியில் நின்னு, எங்க ரெண்டு பேரையும் பார்த்துக்கிட்டே பத்த வச்சான். ஒரு இழுப்பு நல்லா இழுத்துப் புகையை விட்டான். பிறகு தீப்பெட்டியை நர்ஸம்மாவிடம் நீட்டினான்.

“இப்பப் பத்த வைங்கம்மா.”